நடுக்குழியின் வெள்ளைக் கற்கள்

"தாத்தா, ஏன் எப்பவும் என் காதைப் பார்த்தே பேசறீங்க?" என்று பேத்தி கேட்டபின்தான் சகின்பெக் வைத்தியரிடம் போனார். வயதால் விழித்திரையின் நடுப்பகுதி சேதமாகிவிட்டதாம். நேரே பார்ப்பது மறையும், ஓரம் மட்டும் தெரியும்.

மறுநாள் நண்பர் துர்சுனோடு, பல்லாங்குழி போன்ற தொகுஸ் கொர்கோல் ஆடும்போது, கல் நிறைந்த நடுக்குழியைக் காலியென்று எண்ணி விட்டுவிட்டார்.

"ஏன்டா, குழியில இருந்த கல்லெல்லாம் சாப்பிட்டுட்டியா?" என்று துர்சுன் சீண்டினார்.

"உன் மூஞ்சிலயும் நடுவுல ஒண்ணுமில்லடா. இப்பத்தான் பார்க்க நல்லா இருக்கே."

இருவரும் சிரித்தார்கள். பிறகு சகின்பெக் பலகையைத் தள்ளி, "போதும்டா. இனிமே ஆட்டமே வேணாம்" என்றார்.

துர்சுனுக்கு மனம் கேட்கவில்லை. தன் காது மந்தமானபோது ஊருக்குத் தெரியாமல், பிறர் சொன்னதையெல்லாம் தற்செயல்போல உரக்கத் திருப்பிச் சொல்லி மானம் காத்தவர் சகின்பெக். கறுத்த பலகையில் கறுத்த கல். வெள்ளையென்றால் ஓரக்கண்ணுக்காவது எட்டாதா?

மறுநாள் விடியலில் நாரின் என்ற ஆற்றின் கரையில் குனிந்து குனிந்து நூற்று அறுபத்திரண்டு வெள்ளைக் கற்களைப் பொறுக்கினார். அன்று மாலை சகின்பெக் வீட்டில், அவர் தொழுகைக்குக் கைகால் கழுவப் போன நேரம், "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்து, கறுத்த கற்களை எடுத்துவிட்டு, பலகையின் பதினெட்டுக் குழிகளிலும் ஒன்பது ஒன்பதாக வெள்ளைக் கற்களை நிரப்பி, சத்தமில்லாமல் வெளியேறினார்.