செல்ஃப் மோட்டாரும் ஏலக்காரர் தொண்டையும்

கர்ட்டனக்காவின் காரில் சாவியைத் திருப்பினால் கார் கிளம்பாது, தெருவில் வேறு ஏதாவது ஒன்று கிளம்பும். இது முதலில் தெரிய வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். திரைத்துணிக் கட்டுகளையும் கம்பிகளையும் பின்சீட்டில் ஏற்றிவிட்டு அவள் சாவியைத் திருப்பினாள். பானெட்டுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. அதே நொடியில், மாடியில் குடியிருந்த இளம் தம்பதியின் வீட்டில், போன கோடையிலிருந்து அசையாமல் தொங்கிய மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. மறுபடியும் திருப்பினாள். பக்கத்து வீட்டு நாய், வாங்கி வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட வாய் திறக்காதது, குரைத்தது. தன் குரலைக் கேட்டுத் தானே மிரண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இன்னொரு முறை திருப்பினாள். சொத்துத் தகராறுக்குப் பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத எதிர்வீட்டு அண்ணனும் தம்பியும் நடுச்சுவரின் இரண்டு பக்கமும் நின்று பேசத் தொடங்கினார்கள். கார் மட்டும் போட்டது போட்டபடி நின்றது. கியர் தானாக மாறும் ரகம் என்பதால் தள்ளிக் கிளப்பவும் வழியில்லை. அவள் கம்பிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனாள்.

ஊரில் பாதி ஜன்னல்களுக்குத் திரை தைத்தவள் என்பதால் அவள் எல்லாருக்கும் கர்ட்டனக்கா. அவள் வீட்டுக்காரர் காய்கறி மண்டியில் ஏலம் கூவியவர். மூட்டைகளின் மேல் ஏறி நின்று அவர் குரல் கொடுத்தால், வெளியே லாரிக்குள் அசந்து தூங்கும் டிரைவர்கள் எழுந்து உட்கார்ந்து விலை கேட்பார்கள். பிறகு மண்டிக்காரர்கள் செல்போனிலேயே விலை பேசப் பழகிக்கொண்டார்கள். ஒரு நாள் காலையில் அவர் ஒரு லோடு தக்காளிக்குத் தொண்டை கிழியக் கூவிக்கொண்டே இருந்தார். ஒரு தலைகூட நிமிரவில்லை. அவர் மூட்டையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தார், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், அதற்குப் பிறகு பேசவில்லை. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் புத்தம் புதுசாக இருக்கிறது, என்ன கோளாறு என்றுதான் தெரியவில்லை என்றார். வருஷங்கள் ஓடின. மகள் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போனாள்; அவளை வழியனுப்பும்போதும் அவர் தலையை மட்டும்தான் ஆட்டினார். வீட்டில் கேள்வியும் அக்காவே, பதிலும் அக்காவே. "சாப்பிடலாமாங்க?" என்று கேட்டுவிட்டு, "பசிக்கல, கொஞ்ச நேரம் ஆகட்டும்" என்று அவருக்காக அவளே சொல்லிக்கொள்வாள். சில சமயம் அவர் பக்கத்திலிருந்தும் தன் பக்கத்திலிருந்தும் பேசி, தன்னோடு தானே சண்டை போட்டு, அவர்மேல் கோபித்துக்கொண்டு படுத்துவிடுவாள்.

கார் கிளம்பாததற்கு எல்லாரும் பேட்டரியின் மேல்தான் பழியைப் போட்டார்கள். அக்கா புது பேட்டரி வாங்கி மாட்டினாள். அதனால் கண்ட பலன், அடுத்த தெருவிலும் சாமான்கள் தாமாகக் கிளம்பத் தொடங்கியதுதான். அதன் பிறகு மெக்கானிக் வந்தான். முன்விளக்கைப் போடச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னான். மோட்டார் கரண்ட்டை இழுத்தால் விளக்கு மங்க வேண்டும். அது மங்காமல் பளிச்சென்று எரிந்தது. வண்டிக்கு அடியில் படுத்து மோட்டாரின் உடம்பில் ஸ்பேனரால் லேசாகத் தட்டினான். சில நேரம் தேய்ந்த மோட்டார் தட்டினால் விழித்துக்கொள்ளும். இங்கே விழித்துக்கொண்டது மூன்றாம் வீட்டில் பகல் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த பல் டாக்டர். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி நல்லா இருக்குக்கா, ஒயரும் நல்லா இருக்கு. என்ஜின மொதல்ல சுத்தி விடற செல்ஃப் மோட்டார்தான் போச்சு. அது வரைக்கும் கரண்ட் வருது. வந்து உள்ள போகாம எங்கயோ வெளிய போகுது" என்றான். எங்கே போகிறது என்று தெருவில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மறுநாள் மோட்டாரைக் கழற்ற வந்தவன், பழக்க தோஷத்தில் சாவியை ஒருமுறை திருப்பினான். திருப்பியதும் கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஜெராக்ஸ் கடைக்கு நடந்தான். எத்தனையோ மாதங்களாக அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல், வேண்டாத காகிதங்களை எல்லாம் நகல் எடுத்துக்கொண்டிருந்தவன் அவன். அன்று பேசிவிட்டான். அதோடு அந்த மோட்டாரில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். செய்நன்றி என்று ஒன்று இருக்கிறதே என்றான்.

விஷயம் பரவியதும் கார் நின்ற இடம் காலை நேரத்தில் கலகலப்பானது. அவரவர் வீட்டில் தொடங்காமல் கிடந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நின்றுபோன தையல் மெஷின், கவிதை எழுத நினைத்து நினைத்து வெறும் பேனாவோடு இருந்த போஸ்ட்மாஸ்டர், நடக்கும் வயது வந்தும் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராத ஒரு குழந்தை, எல்லாம் வந்தன. கேட்டது கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. பேனா எழுதத் தொடங்கும் என்று பார்த்தால் போஸ்ட்மாஸ்டருக்குப் பல்வலி தொடங்கும். பல் டாக்டருக்கு அதில் வருத்தமில்லை. கூட்டம் கூடுவதற்கு முன்பே அக்கா தினமும் ஏலக்காரரைக் கூட்டி வந்து முன்சீட்டில் உட்கார வைத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்புவாள். கார் பழுதான பிறகு அவள் விட்டுக்கொடுக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். ஒரு நாள் அவருடைய நின்றுபோன கைக்கடிகாரம் ஓடியது. இன்னொரு நாள், வழுக்கையின் ஓரத்தில் கறுகறுவென்று முடி முளைக்கத் தொடங்கியது. அவர் கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டார், ஆனால் வாய் திறக்கவில்லை. நெருங்கி வந்துகொண்டிருக்கிறது என்று அக்கா நம்பினாள். தலைவரைக்கும் வந்தது தொண்டைக்கு இறங்காமலா போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது ஒரு வியாழக்கிழமை. வழக்கம்போல அவரை உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினாள். மாடியில் குடியிருந்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு, பிரசவத்துக்கு இன்னும் மாதம் இருக்கும்போதே, இடுப்பு வலி எடுத்தது. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து, காரில் அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அக்காவுக்கு உயிரே போய்விட்டது. வலியைத் தொடங்கி வைத்த வண்டி, கொண்டுபோய்ச் சேர்க்க உதவாது. எதிர்வீட்டு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் ஓடி வாடகை வண்டி பிடித்து வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் வலி அடங்கியது, பிள்ளை வயிற்றிலேயே பத்திரமாக இருந்தது. என் ஆசைக்காக யாரோ பெற்ற பெண்ணைப் பலி கொடுக்கப் பார்த்தேனே என்று அக்கா ஏலக்காரரிடம் சொல்லி அழுதாள். அவர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மெக்கானிக் தொட மாட்டேன் என்றதால், மோட்டாரைத் தானே மாற்றுவது என்று அக்கா முடிவு செய்தாள். மாற்றிவிட்டால் அவருக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப்போகும் என்பது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெருக்காரர்கள் திரண்டு வந்து, இன்னும் ஒரு மாதம் பொறுக்கக் கூடாதா என்று கெஞ்சினார்கள். "உங்க வீட்டுல தொடங்க வேண்டியத இனிமே நீங்களே தொடங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். உதிரிபாகக் கடையில் வண்டியின் மாடலும் வருஷமும் சொல்லி, பல்சக்கரத்தின் பற்கள் சரியாக இருக்கின்றனவா, போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போகின்றனவா என்று கேட்டுக் கேட்டுக் கடைக்காரரின் பிராணனை வாங்கி, புது மோட்டாரோடு வந்தாள். ஜன்னலுக்கு ஜன்னல் அளவெடுத்துப் பழகியவளுக்கு அளவு விஷயத்தில் யாரையும் நம்பும் குணம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை ஆரம்பமானது. பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள், ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கினாள், ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட் கொடுத்தாள், பழைய திரைத்துணியை விரித்து அடியில் நுழைந்தாள். ஏலக்காரர் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே மகள் ஸ்பீக்கர் போனில், "அம்மா, எதையும் தொடறதுக்கு முன்னாடி பேட்டரியோட மைனஸ் ஒயரக் கழட்டிடு" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அக்கா கழற்றவில்லை. மறந்துவிடவில்லை, மனசு வரவில்லை. கழற்றிவிட்டால் அந்தக் கரண்ட் இனி யாரையும் போய்ச் சேராது. முழுசாகக் கையைவிட்டுப் போகும்வரை அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். ஒரு நட்டுதானே, ஜாக்கிரதையாகத் திருகினால் போயிற்று என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, தடிமனான சிவப்பு ஒயர் வந்து சேரும் இடத்தில் ஸ்பேனரை வைத்தாள். நட்டு இளகிய வேகத்தில் ஸ்பேனரின் மறுமுனை என்ஜின் இரும்பில் பட்டது.

வெல்டிங் பட்டறையைப் போல ஒரு வெளிச்சம் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. தெருவில் அத்தனை அழைப்பு மணிகளும் ஒன்றாக அடித்தன. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, விடுமுறை நாளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியது. போஸ்ட்மாஸ்டர் முதல் வரியை எழுதினார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, ஏலக்காரர் எழுந்து நின்றார்.

"மைனஸ்! மைனஸ மொதல்ல கழட்டுடி! செத்துத் தொலையப் போற!"

ஜன்னல்கள் அதிர்ந்தன. மண்டியில் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் தலை நிமிர்ந்து விலை என்ன என்று கேட்டதாக அங்கே வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். வண்டிக்கு அடியில் அக்கா அசையாமல் கிடந்தாள். விரல் நுனி கொஞ்சம் சுட்டிருந்தது, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. அவர் பானெட்டைத் தூக்கி மைனஸைக் கழற்றிக்கொண்டே திட்டினார். "பொண்ணு படிச்சுப் படிச்சு சொன்னா. காதுல வாங்கினாத்தானே? அந்த மெக்கானிக் பய வந்தப்பவும் பாத்தேன், உனக்கு எதுலயும் அவசரம், சமையல்லயும் அவசரம், தையல்ல மட்டும்தான் நிதானம்..." சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று தயங்கினார். "நானா பேசறேன்?" என்று கேட்டார்.

"நீங்கதாங்க. நிறுத்தாதீங்க" என்றாள் அக்கா. அப்புறம் மல்லாந்து படுத்தபடியே சத்தம் போட்டு அழுதாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவர் நிறுத்தவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் அடியில் நுழைந்தார். மோட்டார் கனமானது, கடைசி போல்ட் வரும்போது ஒருவர் தாங்கிப் பிடிக்காவிட்டால் நெஞ்சில் விழும். அவர் தாங்கிக்கொண்டார், அவள் கழற்றினாள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பற்களை எண்ணினார்கள். அவள் மனசுக்குள் எண்ணினாள், அவர் தெருவே கேட்க எண்ணினார். மோட்டார் உட்காரும் இடத்திலிருந்த துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் உப்புத்தாளால் தேய்த்தெடுத்தார்கள். போல்ட்டுகளைக் கையால் கோத்துவிட்டு, பிறகு முறுக்கி, ஒயர்களை மாட்டி, மைனஸைக் கடைசியாகப் பூட்டினார்கள். அவள் உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் கார் ஒரே முறையில் கிளம்பியது. தெருக்காரர்கள் வீட்டுக்குள் ஓடிப்போய் ஏதாவது தொடங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் தொடங்கவில்லை. சிலருக்கு ஏமாற்றம்தான், ஆனால் அடுத்த வாரமே அவரவர் வேலையை அவரவர் செய்யப் பழகிவிட்டார்கள். பழைய மோட்டாரை இரும்புக் கடைக்காரர் மற்ற இரும்போடு சேர்த்து எடுத்துப்போனார்.

மாடிப் பெண்ணுக்கு மாதம் நிறைந்து வலி தானாக வந்தபோது அக்காவின் கார்தான் போனது. முன்சீட்டில் ஏலக்காரர் தலையை வெளியே நீட்டி, "வழி விடுங்க, வழி விடுங்க, பிள்ளை வருது!" என்று கூவ, எதிரே வந்த லாரிகள்கூட ஒதுங்கி நின்றன. பெண் குழந்தை. பிறந்ததும் அது போட்ட சத்தத்தைக் கேட்டு நர்ஸ் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். வழியெல்லாம் ஏலக்காரர் குரலைக் கேட்டுக்கொண்டே வந்த குழந்தை வேறு எப்படி இருக்கும் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள்.

திரும்பி வரும் வழியில் அக்கா கேட்டாள், இத்தனை நாளாக மனசில் வைத்திருந்ததை. "அன்னைக்கு எதாலங்க பேச்சு வந்துச்சு? அந்தத் தீப்பொறியாலயா?"

"யாருக்குத் தெரியும்? இருக்கலாம்" என்றார் ஏலக்காரர். கொஞ்ச தூரம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தார். பிறகு, "நீ போயிடுவியோன்னு பயந்துட்டேன். உன்கிட்ட சொல்ல வேண்டியது எவ்வளவு கிடக்குது" என்றார்.

"சொல்லுங்க" என்றாள் அவள். வீட்டுத் தெரு வந்தது. அவள் திரும்பாமல் நேராக ஓட்டிக்கொண்டு போனாள்.