ராசியான ஃபைல்

மேலாளருக்கு ஆபீசில் ராசி சார் என்று பட்டப்பெயர். அவர் முதன்முதலாகச் செய்த வேலையின் செட்டிங் ஃபைல் ஒன்று இருந்தது. ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியதாம். அன்றிலிருந்து எந்தப் புது வேலை வந்தாலும் அதை அப்படியே நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றுவார்கள். மற்ற வரிகளில் கை வைத்தால் தெய்வக் குற்றம். அந்த முதல் வாடிக்கையாளர் கடலுக்கு அப்பால் இருந்தவர். அதனால் ஃபைலில் குறித்திருந்த டேட்டா சென்டரும், அதாவது சர்வர்கள் இருக்கும் இடமும், கடலுக்கு அப்பால்தான்.

இந்த முறை வந்தது ஆம்புலன்ஸ் வேலை. எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று ஓட்டுநரின் போனில் காட்ட வேண்டும். சர்வர் அமைப்பது ஆபீசில் இன்ஜினியராக இருந்த ஒரு பெண்ணின் பொறுப்பு. அவளுடைய அண்ணனே ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். அவனிடம் சோதனைக்குக் கொடுத்துப் பார்த்தாள். சாயங்காலமே போனைத் திருப்பி நீட்டினான்.

"பட்டனை அமுக்கினா ஆறு செகண்ட் சுத்துதும்மா. அதுக்குள்ள நான் திருப்பத்தைத் தாண்டிடறேன். இடதா வலதான்னு அங்கதானே எனக்குத் தெரியணும்? பின்னாடி ஒருத்தர் மூச்சுக்குத் தவிச்சிட்டிருப்பாரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பட்டனுக்கு இருபது தடவை சர்வருக்குப் போய்வர வேண்டும். இருபது தடவையும் கடல் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே டேட்டா சென்டர் இருக்க, இது என்ன கூத்து?

மறுநாள் பதினோரு மணிக்குத் தொடக்கம். ஆம்புலன்ஸ் நிறுவனத்தார் அடுத்த அறையில் வந்து உட்கார்ந்தாயிற்று.

"சார், டேட்டா சென்டரை மாத்தணும்."

"இப்பவா? ஆரம்பிச்சப்புறம் பாத்துக்கலாம்மா."

"இன்னிக்கு டேட்டாபேஸ் காலி. அழிச்சிட்டுப் பக்கத்துல புதுசா போட நாற்பது நிமிஷம் போதும். நாளைக்கு உள்ள நோயாளிங்க விவரம் இருக்கும். அப்ப யாரு சார் கை வைப்பா?"

"பத்து வருஷமா ஓடற ஃபைல் இது."

"இருக்கட்டும். ஃபைலுக்கு வயசானா டேட்டா சென்டர் கிட்ட வந்துடுமா?"

அவர் முகம் சிவந்துபோனது. "தொடக்கப் பட்டனை அமுக்கு. அவ்வளவுதான்."

வேலை போனால் போகட்டும். அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்களே அமுக்குங்க சார். யாரு அமுக்கினாங்கன்னு பதிவுல பேர் நிக்கும். என் பேர் நிக்காது."

ராசி சார் உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். பத்து வருஷமாக அடுத்தவரை அமுக்கச் சொன்ன விரல், தானே அமுக்க வந்ததும் மக்கர் பண்ணியது.

"அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்றார், குரல் இறங்கி.

"உண்மையைச் சொல்லுங்க. இடத்தைத் தப்பாப் போட்டுட்டோம், நாற்பது நிமிஷம் பொறுத்துக்கோங்கன்னு."

அவர் எழுந்து போனார். அவள் உட்கார்ந்து, பழைய டேட்டாபேஸை அழிக்கக் கட்டளை கொடுத்ததும், நிச்சயம்தானா, அப்படியானால் டேட்டாபேஸின் பெயரை அடி என்று திரை கேட்டது. ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

அடுத்த அறையிலிருந்து அவர் சிரித்துக்கொண்டே சொல்வது கேட்டது. "எங்க பொண்ணு ஒண்ணு இடத்தைத் தப்பாப் போட்டுடுச்சு..."

அவள் நேரே போய்க் கதவைத் திறந்தாள்.

"தப்பாப் போட்டது நான் இல்லைங்க. மாத்தறதுதான் நான். இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும்."