அந்தோணியின் வலது தோள்

எங்கள் ஸ்டேஷன் கான்ஸ்டபிள் அந்தோணியின் வலது தோள் உடைந்தது 1967 வைகாசியில், வரதராஜப் பெருமாள் கருட சேவை அன்று. காந்தி ரோடு திருப்பத்தில், வாகனத்தைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் மயங்கிச் சரிந்தார். வாகனம் ஒரு பக்கம் சாய்ந்தது. கீழே குழந்தையும் குட்டியுமாகக் கூட்டம். பந்தோபஸ்தில் நின்ற அந்தோணி ஓடிப்போய்த் தண்டுக்குத் தோள் கொடுத்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவர் கை மட்டும் அதற்குப் பிறகு மார்புக்கு மேல் எழவில்லை.

சல்யூட் அடிக்க முடியாத போலீஸை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பணியில் பட்ட காயம் என்று மேலிடம் ஒப்புக்கொண்டால், ஸ்டேஷனுக்குள் உட்காரும் வேலையாவது கிடைக்கும். நான் ஸ்டேஷன் ரைட்டர். மனுவை நான்தான் எழுதினேன்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. காவலரின் பணி கூட்டத்தைப் பார்த்து நிற்பது. சுவாமியைத் தூக்கியது அவருடைய சொந்த பக்தி. பக்தியில் பட்ட காயத்துக்குத் துறை பொறுப்பல்ல.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கு ஏதுபா பெருமாள் பக்தி? ஞானஸ்நானச் சீட்டைக் கொண்டா" என்றேன். பங்குச் சாமியாரிடம் வாங்கி வந்தார். பெரிய வக்கீல் என்று நினைப்பு எனக்கு. மனுவோடு இணைத்து அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இந்த முறை பத்தே நாளில் பதில். வேற்று மதத்தவர் சுவாமி வாகனத்தைத் தொட்டது ஏன்? தக்க விளக்கம் தராவிட்டால் வேலை நீக்கம்.

மனுவை வாபஸ் வாங்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். வீட்டில் வழுக்கி விழுந்து அடிபட்டதாக எழுதினேன்.

"எங்க வூட்ல வழுக்கறதுக்கு எடம் எங்க இருக்குது, ரைட்டரய்யா? எல்லாம் மண் தரை" என்றார் அந்தோணி. கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பொய்யை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வீட்டில் விழுந்தவர் வாகனத்தைத் தொட்டிருக்க முடியாது, ஆகவே குற்றமும் இல்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள். வேலை தப்பியது. இடது கையால் சல்யூட் அடித்துக்கொள்ள இன்ஸ்பெக்டர் வாய்மொழியாக அனுமதி கொடுத்தார்.

மறு வைகாசியில் அதே திருப்பத்தில் அவருக்கு டியூட்டி. நானும் போயிருந்தேன். மேளச் சத்தம் நெருங்கியது.

"திரும்பச் சாஞ்சா இன்னாபா பண்ணுவ?" என்று கேட்டுவிட்டேன்.

"தோளு இன்னொண்ணு இருக்குது, ரைட்டரய்யா. வேலை ஒண்ணுதானே இருக்குது" என்றவர், வாகனத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றார்.