மாட்டுக்கொட்டாய்

மூன்றாவது குத்தில் கடப்பாரை பாறையில் மோதி பூமாலையின் கையை உதறியது. அவன் நிமிர்ந்தபோது காட்டிலாகா கார்டு ராஜாங்கம் மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"நிறுத்துப்பா. இது ரிசர்வ் காடு. பொணம் பொதைக்கக் கூடாது."

காலையில் செத்துப்போன அப்பா ஆண்டி, அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் தன்னைப் போடச் சொல்லியிருந்தார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

"நாலு தலமொறையா வூடு கட்டிக்கினு கெடக்குறோம். காடுன்றீங்களே?" என்றாள் அக்கா பொன்னாயி.

ராஜாங்கம் மடிப்பில் கிழிந்திருந்த மேப்பை விரித்தார். "எனக்கு மட்டும் ஆசையா? பத்து வருசத்துக்கு முன்ன அளந்தது. இங்க மாட்டுக்கொட்டாய்னு போட்டிருக்குது. ஒரு வூடுகூட இல்ல. ரேஞ்சரைக் கேக்கலாம்னா, எடஒதுக்கீட்டு மறியல்ல கச்சிராயபாளையம் ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க."

"எந்தக் குருட்டுப்பய சொன்னான், மாட்டுக்கொட்டாய்னு?" என்றார் குழிவெட்ட வந்தவர்களில் ஒருவர்.

பூமாலை கடப்பாரை முனையிலிருந்த மண்ணை வழித்தான்.

அளந்த அன்று சர்வேயருக்கு அளவுச் சங்கிலி இழுத்தவன் அவன்தான். புது பேண்ட் போட்டிருந்தான். அந்தக் குடிசைகள் யாருடையவை என்று சர்வேயர் கேட்டபோது, வாசலில் அப்பா கோவணத்தோடு நின்று கும்பிட்டார். "மாட்டுக்கொட்டாய் சார். மேய்க்கிற ஆளு நிக்குது" என்றான் பூமாலை. அப்பாவுக்குக் கேட்கிற தூரம்தான். சாயங்காலம் அவர் சர்வேயருக்குத் தேன் கொண்டுவந்தார். மகனை யாரோபோல, "கொஞ்சம் நகருங்க தம்பி" என்றார்.

"நான்தான்க்கா சொன்னேன்."

ராஜாங்கம் மேப்பை மடிக்க ஆரம்பித்தார்.

"தெரியும்டா" என்றாள் பொன்னாயி. "அப்பன் அன்னிக்கே சொல்லிச்சி. பொழைக்கப் போற புள்ள, ஒண்ணும் கேக்காதன்னிச்சி."

"எல்லைக்கல்லுக்குக் கீழ, ஓடையோரமா போட்டுக்குங்க" என்றார் ராஜாங்கம், யார் முகத்தையும் பார்க்காமல். "நான் பாக்கல."

ஓடையோரம் ஈரமண். பூமாலை ஒருவனாகவே வெட்டினான். மாற்றிவிட வந்த ஆட்களைக் கிட்டே விடவில்லை. இடுப்பளவு போனது, மார்பளவு போனது.

"போதும்டா, இன்னா கெணறா வெட்டுற? ஏறு மேல" என்று பொன்னாயி குனிந்து கையை நீட்டினாள்.

அவன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. குழியின் பக்கவாட்டில் கால் வைத்தான், மண் சரிந்தது. மறுபடி வைத்தான்.