வண்டியை இயக்க வேண்டாம்

பொழுது புலரும் நேரம் கோகந்து நகர டாக்சி ஸ்டாண்டுக்கு வந்தால், எங்கள் முப்பத்தோரு பேரின் கால்களைத்தான் பார்க்கலாம். உடம்பின் மீதி எல்லாம் காருக்கு அடியில் இருக்கும். பனிக்கட்டியின் மேல் அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, கையுறையைக் கழற்றி, பெட்ரோல் குழாயை முனை முதல் முனை வரை விரலால் தடவுவோம். கையுறையோடு தடவினால் ஈரம் தெரியாது. விரல் வழுக்கினால் துணி சோப்பைப் பிசைந்து அந்த இடத்தில் அப்புவோம். தாஷ்கண்ட் போகும்வரை சோப்பு தாங்கும். திரும்பி வரத் தாங்குமா என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

சிலிண்டர் காஸில் ஓடும் வண்டிகள்தான். ஆனால் அந்தக் குளிரில் பெட்ரோலில்தான் கிளப்ப முடியும். தாஷ்கண்ட் வழியிலுள்ள மலைக் கணவாயில் ஏறும்போதும் பெட்ரோல்தான்.

நவம்பரில் கார் கம்பெனியிலிருந்து எல்லார் போனுக்கும் ஒரே செய்தி வந்தது. குழாயில் கசிவு ஏற்படலாம், சரிசெய்யும்வரை வண்டியை இயக்க வேண்டாம், அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்கு வரவும். போனோம். மாற்றுக் குழாய் இன்னும் வரவில்லை என்றார்கள். வசந்தத்தில் வரலாம் என்றார்கள். காஸ் சிலிண்டரை வெளிப் பட்டறையில் மாட்டியவர்களுக்கு அப்போதும் கிடைக்காது என்றார்கள். எங்களில் வெளிப் பட்டறையில் மாட்டாதவன் ஒருவன்கூட இல்லை. மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். சோப்பை அப்பிக்கொண்டு ஓட்டினோம்.

ஜனவரியில் காம்சிக் கணவாயில், எங்கள் ஸ்டாண்டின் முப்பத்திரண்டாவது ஓட்டுநரான ஹம்ரோவின் கார் தீப்பிடித்தது. அவன் வண்டிக்குப் பின்னால் என் வண்டி. பானெட்டின் இடுக்கிலிருந்து தீ நாக்கு நீட்டியதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று பேரை வெளியே தள்ளிவிட்டு, பெல்ட்டில் சிக்கிய ஒரு மாணவியை இழுக்க ஹம்ரோ மறுபடி உள்ளே போனான். அவள் பிழைத்தாள். இவன் கைகள் இரண்டும் வெந்துபோயின.

பத்து நாள் கழித்து சர்வீஸ் சென்டர் மேலாளர் ஜம்ஷித் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சூடான அறை. கிண்ணத்தில் பச்சைத் தேநீர் ஊற்றி அவரே நீட்டினார்.

"ஷெர்மத் அண்ணே, நீங்கதானே அவர் பின்னால வந்தீங்க?"

"ஆமா."

"டிக்கியில இருந்த சிலிண்டர்லேருந்துதான் தீ கிளம்புச்சுன்னு ரெண்டு வரி எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து போடுங்க."

"தீ முன்னாலதான் வந்துச்சு."

"அந்தப் புகையில முன்னால எது, பின்னால எது?" சிரித்தார். "ஸ்டாக்குல ஒரே ஒரு குழாய் வந்திருக்கு. இன்னிக்கே உங்க வண்டிக்கு மாட்டிடலாம். சிலிண்டரை நான் பார்க்கலைன்னு வச்சுக்குவோம்."

பேனாவை எடுத்துவிட்டேன். அதை மறைக்கப் போவதில்லை. தினமும் நான்கு உயிரை ஏற்றிக்கொண்டு கணவாய் ஏறுகிறவனுக்கு அந்த ஒரு முழக் குழாய் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடாதது வீரத்தால் அல்ல. முடிவெடுக்க முடியாமல் பேனாவை மேசையில் வைத்தேன். "நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து வந்தேன்.

ஸ்டாண்டில் விஷயம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. எங்களில் மூத்தவர் எர்காஷ் பானெட்டில் சாய்ந்து நின்றார்.

"வாப்பா புதுக் குழாய்க்காரா. நாங்க ஓட்டுறப்போ முன்னால ஒரு தீயணைப்பு வண்டிய அனுப்பச் சொல்லிட்டு வந்தியா?"

"இன்னும் கையெழுத்துப் போடலண்ணே."

"இன்னுமா?"

அப்போதுதான் ஹம்ரோவின் மனைவி மன்சூரா வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள், தலைத்துணி கலைந்திருந்தது.

"காலையில அந்த மேனேஜர் வார்டுக்கு வந்தாரு. சிலிண்டராலதான் தீன்னு எழுதின பேப்பர நீட்டி, கைநாட்டு வைக்கச் சொல்றாரு. கட்டைப் பிரிச்சாத்தானே விரல் மிச்சம் இருக்கான்னு தெரியும்? என் வீட்டுக்காரரு எதை வைப்பாரு?"

சந்தைப் பக்கமிருந்து வந்த இரண்டு பயணிகள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குத் திரும்பினார்கள்.

"என்னையும் கேட்டாங்க தங்கச்சி," என்றேன். "நான் பேனாவ எடுத்துட்டேன். போடல, ஆனா எடுத்துட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எடுத்தீங்க, வச்சிட்டீங்கல்ல," என்றாள். "இனிமே என்ன செய்யப்போறீங்க? அதச் சொல்லுங்க. நாளைக்கும் சோப்பு அப்பிக்கிட்டுக் கிளம்புவீங்களா?"

எர்காஷ் போனை எடுத்துக் கம்பெனிச் செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இயக்க வேண்டாம்னு போட்டிருக்கான். சர்வீஸ் சென்டருக்கு வான்னும் போட்டிருக்கான். ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சா என்னடா? இஞ்சினப் போடாம, தள்ளிக்கிட்டே போவோம். முப்பத்தொண்ணையும் அவன் வாசல்ல நிறுத்துவோம்."

"போலீஸ் வரும்ணே," என்றான் ஒருவன்.

"வரட்டும். கம்பெனி சொன்னபடி நடந்தோம்னு போனைக் காட்டு."

"எத்தனை நாளைக்கு நிறுத்துறது? சாப்பாட்டுக்கு?" என்றான் இன்னொருவன்.

எர்காஷ் போனைப் பையில் போட்டுக்கொண்டார். நான்கு பேர் தலைகுனிந்து தங்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அவர்களை ஏசவும் எங்களுக்கு மனம் வரவில்லை.

என் வண்டிதான் முதலில். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும். மன்சூரா கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"ஓட்டவே வேணாம் தங்கச்சி. சாவிய ஒரு திருப்பு மட்டும் திருப்பு, ஸ்டியரிங் பூட்டு விட்டுக்கும். நேரா பிடிச்சுக்க."

எட்டுப் பேர் பின்னால் தோள் கொடுத்தோம். இஞ்சின் ஓடாத வண்டியில் ஸ்டியரிங் கல்லாக இறுகியிருக்கும். அவள் இரண்டு கையாலும் தொங்கி அதைத் திருப்பினாள். சேறும் பனியும் கலந்த சாலையில் பூட்ஸ் வழுக்கியது. ஒருவன் விழுந்தான், அவன் இடத்தில் இன்னொருவன் தோளை வைத்தான். சர்வீஸ் சென்டர் இரண்டு கிலோமீட்டர். ரொட்டிக் கடைக்காரர் அடுப்பை விட்டு வந்து ஐம்பதடி தள்ளிவிட்டுத் திரும்பிப் போனார்.

எங்களைக் கண்டதும் கேட்டைச் சாத்தினார்கள். ஜம்ஷித் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றார்.

"ஷெர்மத் அண்ணே, உங்களுக்குத்தான் குழாய் எடுத்து வச்சிருக்கேனே."

"முப்பத்தோரு வண்டிக்கும் வேணும். ஹம்ரோவுக்கு வேற வண்டியும் வைத்தியமும் வேணும். தீ முன்னாலதான் வந்துச்சு. அத எழுதி எடுத்துட்டு வாங்க, இப்பவே கையெழுத்து போடுறேன்."

"குழாயே இல்லங்கிறேன். நீங்க ஒரு மாசம் நின்னாலும் இல்லாதத எங்கேருந்து கொண்டுவர்றது?"

அவர் பொய் சொல்லவில்லை என்றே தோன்றியது. உள்ளே போய்விட்டார். கேட் திறக்கவில்லை. திறக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. மன்சூரா இறங்கிச் சிவந்த உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

"அடுத்தது யாரோடது?" என்றாள்.

"என்னோடது," என்றார் எர்காஷ்.

இரண்டாவது வண்டியைக் கொண்டுவர எல்லோரும் ஸ்டாண்டை நோக்கித் திரும்பி நடந்தோம்.