முகம் காட்டிய கேஸ்

எந்த மருத்துவமனையிலும் எச்.ஐ.வி. சிகிச்சை அறையை வாசலுக்குப் பக்கத்தில் வைக்க மாட்டார்கள். இங்கேயும் எக்ஸ்ரே அறையைத் தாண்டி, உடைந்த சக்கர நாற்காலிகளைத் தாண்டி, கழிவறைக்கு எதிரே ஒரு மூலையில்தான் அது இருந்தது. அந்த மூலையில் தனி ஆளாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தார் டாக்டரம்மா.

ஒரு சந்தேகம் என்றால் கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் கிடையாது. கைகொடுத்தது இணையத்தில் இருந்த ஒரு குழு. இந்த மருந்துகளோடு அன்றாடம் மல்லுக்கட்டும் மருத்துவர்கள் மட்டுமே அதில் சேரலாம். சிக்கலான கேஸை எழுதிப் போட்டால், அடுத்த நோயாளி உள்ளே வருவதற்குள் எங்கெங்கிருந்தோ பதில் வந்து விழும். நோயாளியின் பெயரோ ஊரோ முகமோ வெளியே தெரியக் கூடாது என்பது குழுவின் விதி. வயது, ஆணா பெண்ணா, என்ன மாத்திரை, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று எழுதினால் போதும். நல்ல விதிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் முகம் இல்லாத ஆளைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்பதைப் படித்தவர்களும் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

டாக்டரம்மா எழுதிப் போட்ட கேஸ் ஒரு தையல்காரி. கணவன் போன பிறகு பள்ளிச் சீருடை தைத்து இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொல்கிறாள், வைரஸோ ஏறிக்கொண்டே போகிறது. நெஞ்செரிச்சல் மருந்து, சத்து மாத்திரை என்று குறுக்கே வேறு ஏதாவது சாப்பிடுகிறாளா என்றும் கேட்டாயிற்று, இல்லை. எந்த மருந்துக்கு வைரஸ் மசியவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை உண்டு. அது தெரியாமல் மருந்தை மாற்றுவது இருட்டில் கல்லெறிகிற வேலை. அந்தப் பரிசோதனைக்கு அனுமதி தர வேண்டியவர் குழுவை நடத்தும் மூத்த மருத்துவர். எல்லாரும் அவரைப் பெரியவர் என்றே சொல்வார்கள். இந்த வைத்தியத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

அவர் பதில் சுருக்கமாக வந்தது: "மாத்திரையில் குறை இல்லை. சாப்பிடுகிறேன் என்று இவர்கள் எல்லாரும்தான் சொல்வார்கள். புத்தி சொல்லி அனுப்புங்கள். பரிசோதனை தேவையில்லை." அதன் கீழே ஆமாம் சாமி போட்டுக் கட்டைவிரல்கள் வரிசையாக முளைத்தன.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில், அவர் சொல்வதும் சரியாக இருக்குமோ என்ற எண்ணமும் இருந்தது. எண்களைப் பார்த்தே பழகிய மூளை, வேறு எப்படி நினைக்கும்?

தையல்காரி அடுத்த முறை வந்தபோது சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"உண்மையைச் சொல்லும்மா. நடுவுல மாத்திரையை விட்டியா?"

அவள் கண் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் திரையில் நின்றிருந்தது.

"முப்பத்தாறு வயசுப் பெண். அது நான்தானே?"

திரையைத் திருப்ப டாக்டரம்மா கையை நீட்டினார். அதற்குள் அவள் படித்துவிட்டாள்.

"இவர்கள் எல்லாரும்னா யாரு டாக்டர்?"

"அது பொதுவா சொல்றது..."

"பொதுவா யாரு சாப்பிடறாங்க மாத்திரையை? நான்ல சாப்பிடறேன்." குரல் உயரவில்லை, ஆனால் கழுத்து நரம்பு துடித்தது. "என் முகம் தெரியாததுனாலதானே இவ்வளவு தைரியமா எழுதறாங்க? தினமும் கடை திறக்கறதுக்கு முன்னாடி இங்க வர்றேன். இவங்க எல்லாரும் வீடியோவுல பாக்க மாத்திரை போடறேன். நாக்கைத் தூக்கியும் காட்டறேன். மாசம் முடிஞ்சு ரத்தம் எடுங்க. குறைஞ்சிருந்தா இத்தனை நாள் சாப்பிடாம பொய் சொன்னேன்னு ஒத்துக்கறேன்."

"வாய் மட்டும் தெரியற மாதிரி வெச்சுக்கலாம்மா. முகம் வெளிய போனா பிள்ளைங்களுக்குத்தான் கஷ்டம்."

"வாயை மட்டும் காட்டினா அது யார் வாயோன்னு சொல்வாங்க. முகத்தோட காட்டுங்க. பேரு வேணாம். பிள்ளைங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

நன்றாக யோசித்துச் சொல் என்று வீட்டுக்கு அனுப்பினார் டாக்டரம்மா. மறுநாள் காலையில் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றாள்.

வீடியோ அழைப்பு பற்றிக் குழுவில் அறிவித்ததும் பெரியவர் சீறினார். விதியை மீறினால் குழுவிலிருந்து நீக்க நேரிடும் என்று எழுதினார். அந்தக் குழு போனால் இந்த மூலையில் தான் அநாதைதான் என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியும். இருந்தும் எழுதினார்: "விதி நோயாளியைக் காப்பாற்றத்தான் ஐயா. நோயாளியிடமிருந்து நம்மைக் காப்பாற்ற அல்ல. நீக்குவதென்றால் நீக்குங்கள். காலையில் அவர் வருவார்." பயம் முந்திக்கொள்வதற்குள் அனுப்பியும் விட்டார்.

நீக்கிவிட்டார்கள். ஆனால் அழைப்பின் இணைப்பு அதற்குள் பலர் கைக்குப் போயிருந்தது. முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பாதி முகம் சவரம் செய்திருந்தார். அப்புறம் கூட்டம் சேர்ந்தது. தையல்காரி மாத்திரையைக் கேமராவுக்கு நேரே காட்டி, விழுங்கி, வாயைத் திறப்பாள். பிறகு திரையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நின்று பார்ப்பாள். பலர் முதலில் தலையைக் குனிந்தார்கள். போகப் போக வணக்கம் சொன்னார்கள். சின்னவனுக்குக் காய்ச்சல் கண்ட நாளில்கூட அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். கேமராவை அணைத்தபடி பெயரில்லாத ஒரு கட்டமும் தினமும் வந்து ஓரத்தில் இருந்தது.

மாதம் முடிந்தது, ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைத் திறந்த டாக்டரம்மா மேசையை ஓங்கித் தட்டினார். வைரஸ் குறையவில்லை. கொஞ்சம் ஏறியும் இருந்தது. வைரஸ் ஏறியதற்குச் சந்தோஷப்பட்ட மருத்துவர் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்த மறு நொடி எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். மேசையைத் தட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"குறையலையா?"

"குறையலம்மா. நீ சொன்னது நிஜம். மாத்திரைதான் உனக்குக் கேக்கல."

தையல்காரி அழுதாள். இந்த ஒரு மாதத்தில் அவள் அழுது டாக்டரம்மா பார்த்ததில்லை.

"எல்லாரும் சொன்னதுல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு டாக்டர். முழுங்கினப்புறமும் ராத்திரி எழுந்து அட்டையை எண்ணிப் பாப்பேன்."

டாக்டரம்மாவும் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர்தானே. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து, தெரிந்த எல்லா மருத்துவர்களுக்கும் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. தினமும் ஓரத்தில் இருந்த கட்டம்தான். இன்று கேமரா திறந்திருந்தது. பெரியவர்.

"பரிசோதனைக்கு அனுமதி குடுத்தாச்சு டாக்டர். குழுவுலயும் உங்களைச் சேத்தாச்சு. நான் எழுதினது தப்பு. அந்த அம்மாகிட்ட நான் வருத்தப்பட்டேன்னு சொல்லிடுங்க."

"எதிர்லதான் இருக்காங்க. நீங்களே சொல்லுங்க சார்." போனைத் திருப்பிவிட்டார்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "அம்மா... நான் வந்து..."

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சார். எனக்குக் கேக்கற மாத்திரை எதுன்னு முதல்ல கண்டுபிடிங்க."

சட்டைக் கையை மடித்து, கையை மேசைமேல் நீட்டினாள்.

"எடுங்க டாக்டர். அவரும் பாக்கட்டும்."