மூன்றாவது பொத்தான்

ஊருக்கே பொத்தான் விற்கும் கடைக்காரர், தன் சட்டையின் மூன்றாவது பொத்தான் விழுந்து ஒரு வருடமாகியும் அதைத் தைத்துக்கொள்ளவில்லை. கேட்டால், "கடைச் சரக்குல கை வைக்கிற பழக்கம் எனக்கில்ல" என்பார். அந்த இடத்தில் துளி நூல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இது கொம்பு, இது சிப்பி, இது பிளாஸ்டிக் என்று பிரித்துவிடும் மனிதர்தான். ஆனால் தங்கை மாடி அறையில் மாதக்கணக்காக உட்கார்ந்து என்ன செய்கிறாள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. "பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறா" என்று ஒரே வரியில் பைசல் செய்துவிடுவார்.

தங்கைக்குப் பல்செட் செய்யும் லேபில் வேலை. படியில் சறுக்கி வலது மணிக்கட்டு முறிந்த நாளோடு அது நின்றுபோயிற்று. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கை நடுங்கியது. நடுங்கும் கையால் பல் செய்தால் மாட்டிக்கொள்கிறவர் பாடு என்னாவது? நல்லவேளையாக லேப் முதலாளிக்கும் அவளுக்கும் ஒரே பைத்தியம். விரல் உயரப் படைவீரர்களுக்கும் பூதங்களுக்கும் வண்ணம் தீட்டி, ஞாயிறுதோறும் டயர் கடை மாடியில் பெரிய மேசைமேல் அணிவகுத்து, பகடை உருட்டிப் போர் நடத்துகிற பைத்தியம். அவர் சொல்லியிருந்தார்: "கை சரியானதும் நீயே தீட்டின புதுசு ஒண்ணக் கொண்டு வாம்மா. அதப் பாத்துட்டு, வேலையப் பத்திப் பேசிக்கலாம்."

அந்த ஞாயிறும் வந்தது, கூடவே மழையையும் கூட்டிக்கொண்டு.

அறையில் அவள் தீட்டி முடித்த டிராகன் தயாராக நின்றது. வார்னிஷ் மட்டும் பாக்கி. தங்கை குளிக்கப் போயிருந்தாள். வழிதவறி மாடிக்கு வந்த அண்ணனுக்கு அன்றைக்கென்று பாசம் பொங்கியது. வார்னிஷ் ஸ்பிரே டப்பாவை எடுத்துக் குலுக்கினார். சாரல் அடிக்கும் ஜன்னலோரம் பொம்மையை வைத்து, கொசு மருந்து அடிப்பதுபோல் தாராளமாக அடித்தார். ஈரக்காற்றில் வார்னிஷ் அடிக்கக் கூடாது என்பது இந்தப் பித்தர்களின் அரிச்சுவடி. பொத்தான் கடையில் அந்தப் பாடமெல்லாம் நடத்துவதில்லை.

அவர் கண்ணெதிரே டிராகன் வெளுத்தது. சிறகு, வால், முகம் எல்லாம் சாம்பலில் புரண்டு எழுந்ததுபோல் ஆயிற்று.

தலையில் துண்டோடு வந்த தங்கை வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா... என்ன பண்ணித் தொலைச்சே?"

"உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னு..."

"என் வேலையே மிச்சமில்லாம பண்ணிட்டியே!"

கடையில் எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளரையும் பேசியே மடக்குகிறவர், டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அவள் பொம்மையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று சமையலறைக்குப் போய் வெளுத்த வார்னிஷுக்குக் கைவைத்தியமான ஆலிவ் எண்ணெய்ப் புட்டியோடு திரும்பினாள். மெல்லிய தூரிகையை அதில் தொட்டு, டிராகனின் மூக்கு நுனியில் வைத்தாள்.

வைத்த இடத்தில் சிவப்பு திரும்பி வந்தது.

அண்ணன் குனிந்தார். தூரிகை நகர நகர வெண்மை விலகி, செதில் செதிலாக அந்த மிருகம் உயிர்த்தெழுந்தது. ஒவ்வொரு செதிலுக்கும் அடியில் நிழல், விளிம்பில் மயிரிழை வெளிச்சம். அடிவயிற்றில், உயர்ந்த சிப்பிப் பொத்தானைத் திருப்பினால் தெரியுமே, அந்த மினுமினுப்பு. கடைசியில் கண் வந்தது. கடுகளவுக் கண். அது நேராக அவரைப் பார்த்தது. அவருக்குப் புறங்கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. எதைக் கண்டாலும் மனசுக்குள் ஒரு விலை ஓடுமே, இன்றைக்கு அது ஓடவில்லை.

"இதெல்லாம்... நீயா?"

"இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் வந்து தீட்டிட்டுப் போனாரு. நகரு, வெளிச்சத்த மறைக்காத."

டிராகனின் முதுகில் கோட்டுப் போட்ட குட்டி வீரன் ஒருவனும் இருந்தான். அண்ணன் அவனைக் கவனிக்கவில்லை. அந்தக் கண்ணைவிட்டு அவர் பார்வை நகர்ந்தால்தானே? அவள் வழிந்த எண்ணெயை ஒற்றியெடுத்து, பெட்டிக்குள் பஞ்சு வைத்து மூடினாள். குடையை எடுத்துக்கொண்டு அண்ணனும் கூடவே கிளம்பினார்.

டயர் கடை மாடியில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பொம்மையை எதிராளி லென்ஸ் வைத்துப் பார்த்து, சரி என்ற பிறகுதான் அது மேசை ஏறும். இன்று எதிராளி முதலாளிதான். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வாயிலிருந்து தொடங்கினார்.

"பல்லப் பாரு! நுனியில கண்ணாடி மாதிரி, ஈறுகிட்ட மஞ்சள். ஏம்மா, டிராகனுக்கு ஞானப்பல் கூடவா முளைக்கும்?"

"வயசு வந்த டிராகன் சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லென்ஸ் முதுகுக்கு ஏறியது. அங்கேயே நின்றது. முதலாளியின் முகத்தில் சிரிப்பு வடிந்தது.

"இவன் கோட்டுல அஞ்சு பொத்தான் வரணும். நாலுதான் இருக்கு." தயங்கினார். "கை இன்னும் நடுங்குதாம்மா?"

 காலையில் தான் செய்த வேலைதான் அந்தப் பொத்தானைத் தின்றுவிட்டது என்றே அண்ணன் நினைத்தார். "சார், தப்பு அவ மேல இல்ல, நான்தான்..." என்று முன்னால் வந்தார்.

தங்கை அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அண்ணனின் சட்டையை மட்டும் விரலால் காட்டினாள்.

முதலாளி சட்டையைப் பார்த்தார். மறுபடி லென்ஸுக்குள் குனிந்தார். 

"நூலு," என்றார் மெதுவாக. "மூணாவது பொத்தான் இருக்கவேண்டிய இடத்துல நூலு தொங்குது. யப்பா! பொத்தானை யாரு வேணாலும் வெச்சிடலாம். இத வெக்கிறதுக்குக் கை கல்லு மாதிரி நிக்கணும்." லென்ஸைக் கழற்றி அண்ணனிடம் நீட்டினார். "பாருங்க, உங்களத்தான் டிராகன் மேல ஏத்தி விட்டிருக்கா. ஏம்மா, நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடு. மேல்வரிசைப் பல்செட் ஒண்ணு அவசரமா கேக்குறாங்க."

அண்ணன் வெகுநேரம் லென்ஸை இறக்கவில்லை. பின்னால் யாரோ, "அய்யா, பொம்மைக்கும் வலிக்கும், விடுங்க" என்றார்கள்.

புதுப் பொம்மை முதல் ஆட்டத்திலேயே சாகும் என்பது அந்தக் கூடத்தின் மாறாத ராசி. இரண்டாம் சுற்றில் முதலாளியின் பகடையில் வரிசையாக ஆறு விழுந்தது.

"என்னைக் கொன்னுட்டீங்களே சார்!" என்று அண்ணன் அலறினார்.

விதிப்படி செத்ததை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். தங்கை கை நீட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார். ஆட்டம் முடியும்வரை, மூச்சு பட்டால்கூடக் கலைந்துவிடுமோ என்பதுபோல, அதை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தியபடி நின்றிருந்தார்.